வெள்ளைக் கோட்டின் மேல் மூன்று கிலோமீட்டர்

தாயில்பட்டி வெள்ளைத்தாய்க்கு ஐம்பத்தோரு வயது. இருபத்தெட்டு வருடமாகப் பட்டாசு ஆலையில் திரி வைக்கிறாள். எதையும் பிரித்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. டார்ச் லைட்டும் குக்கர் மூடியும் அவள் கைக்குத் தப்பியதில்லை.

மாசி மாதம் அவளுடைய நாத்தனார் பாண்டிமீனா கம்பெனி வேன் படியில் தடுமாறிக் கையை ஊன்றினாள். ஒரு முழ உயரம்கூட இல்லை, மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. "அம்புட்டு லேசாவா எலும்பு ஒடியும்?" என்று வெள்ளைத்தாய் கேட்டாள். எலும்பின் உறுதியை அளக்கும் டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். செலவை நினைத்துப் பாண்டிமீனா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சிவகாசியில் எலும்பு நலத்துக்காக ஒரு நடை என்று நோட்டீஸ் வந்தது. ஆனைக்குட்டம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். நடந்து முடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் எழுதும் பெயருக்கு இலவச டெஸ்ட். முடியாதவர்களை ஏற்றப் பின்னால் வரும் வேனில் பாதியில் ஏறினால் சீட்டு கிடையாது. வெள்ளைத்தாய் தன்னோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் தோழி லட்சுமிகாந்தத்தையும் கூட்டிக்கொண்டு போனாள்.

சித்திரை மாத ஞாயிறு. சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்க எட்டே முக்கால் ஆகிவிட்டது. மைதானத்து வாசலில் இரும்பு வளைவு, தரையில் ரப்பர் விரிப்பு. ஆலையில் ரப்பர் விரித்த வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செருப்பை வெளியே விட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். சின்னப் பொறி போதும், மருந்து பிடித்துக்கொள்ளும். விரிப்பைப் பார்த்ததும் இருவரும் யோசிக்கவே இல்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு, வளைவின் இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்து, நடக்கத் தொடங்கினார்கள்.

ஒரு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் கூட நடந்த கல்லூரி மாணவி சினேகா கவனித்தாள்.

"அக்கா, செருப்பு எங்க?"

"வாசல்ல கிடக்கு பாப்பா. உள்ள போட்டுட்டுப் போகக் கூடாதுல்ல."

"அது உள்ள போற வாசல் இல்லக்கா, வெளிய வர்ற வாசல்!"

லட்சுமிகாந்தம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, ரோட்டுக்கும் ரூமுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதைக நாம!"

திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. ஒன்பதே முக்காலுக்குச் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். சினேகா தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். வெள்ளைத்தாயின் பாதம் பாதிகூட நுழையவில்லை. தார் சுடத் தொடங்கியிருந்தது. பின்னால் வந்த வேனில் லட்சுமிகாந்தம் ஏறிக்கொண்டாள்.

"ஏறுட்டி, காலு வெந்துரும்."

"நீ போ. நான் ஏறுனா மீனாவுக்கு யாரு சீட்டு குடுப்பா?"

காலை மாற்றி மாற்றி வைத்தவள் சட்டென்று நின்றாள். ஒரு கால் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டில் இருந்தது. மறு காலைத் தாரில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஏ பாப்பா, இங்கன தொட்டுப் பாரேன். கருப்பு சுடுது, வெள்ளை அம்புட்டு சுடல."

"கருப்பு வெயில உள்ள இழுத்துக்கிடும்க்கா. வெள்ளை திருப்பி அனுப்பிரும்."

"அப்படியா சங்கதி!" கோட்டின் மேலேயே நடந்தாள். "எலும்புக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லு பாப்போம்."

"தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறை. வயசாக ஆகச் சுவர் மெலிஞ்சுரும்."

தாள் சுற்று குறைந்த வெடிக்குழாய் அவள் நினைவுக்கு வந்தது. வெளியே பார்க்க எல்லாக் குழாயும் ஒன்றுதான். விரலால் அமுக்கினால்தான் எது சொத்தை என்று தெரியும். "அப்ப ஒடியிறதுக்கு முன்னாலயே அமுக்கிப் பாக்குறதுதான் டெஸ்ட்டாக்கும்?"

"கிட்டத்தட்ட அதேதான்க்கா. விரலுக்குப் பதிலா எக்ஸ்ரே மிசினு."

கோடு அழிந்த இடங்களில் ஓடினாள். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கையில் போய்ச் சேர்ந்தாள்.

"பேரு?" என்றார் மேஜையில் இருந்தவர்.

"பாண்டிமீனா, தாயில்பட்டி."

"நடந்தது நீங்கதானே?"

"நடந்தது நான். ஒடிஞ்சது அவளுக்கு."

அவர் எழுதி நீட்டினார். வெள்ளைத்தாய் வாங்கவில்லை.

"கூட வர்றவுகள உள்ள விடுவீகளா? அந்த மிசினு எப்படிப் பாக்குதுன்னு நான் பாக்கணும்."

"ஒருத்தர் வரலாம்மா."

"அதையும் இதுலயே எழுதிக் குடுத்துருங்க."

அவர் எழுதி முடிக்கும் வரை அவள் நகரவில்லை.