சுத்தியல் பிடித்த கையின் நகம்

சேலத்தில் அந்தத் தோல் மருத்துவமனையின் வராந்தாவில் எனக்கு முன்னால் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் ஒவ்வொருவரையும் நோட்டம் விட்டேன். ஒருவருக்கு முழங்கையில் வெள்ளைச் செதில் செதிலாகத் தோல் உதிர்ந்தது. கல்லூரிப் பெண் ஒருத்திக்குத் தலையில் வட்டமாக ஓர் இடத்தில் முடியே இல்லை, வழித்து விட்டதுபோல. இவர்களுக்கெல்லாம் ஏதோ நிஜமான நோய், நான்தான் வெட்டியாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்தது வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். மனைவி ஈசுவரியின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருந்தேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக மரவேலை செய்கிறேன். எங்கள் பட்டறையில் நகம் கறுக்காத ஆள் என்றால் புது ஆள் என்று அர்த்தம். சுத்தியல் குறி தவறும், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும், சில மாதத்தில் வளர்ந்து வெளியே போய்விடும். அதனால் என் நகத்தை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

“எப்பங்க மாமா பட்டுச்சு?” என்று பட்டறைப் பையன்கள் கேட்பார்கள்.

“தை மாசம், அந்தப் பத்துச் சக்கர வண்டி வேலையில” என்பேன். உண்மையில் எனக்கு நினைவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஈசுவரி நம்பவில்லை. “ஏனுங்க, போன வருசம் நூலாட்ட இருந்துச்சு. இப்ப நாடாவாட்ட இருக்குதுங்க” என்று ஒருநாள் சாப்பாட்டின்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதற்கு மறுவாரம்தான் சேலம் பஸ் ஏறினோம்.

மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “சுத்தியல் பட்டதுங்க டாக்டர், ஏதாச்சும் மருந்து குடுங்க” என்றேன்.

“நோய்க்குப் பேரு நான் வச்சுக்கறேங்க. நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க” என்றார்.

பிறகு கேள்விகள். முதலில் திட்டாக வந்ததா, கோடாகவே வந்ததா? ஒரே நிறமா, இடத்துக்கு இடம் மாறுகிறதா? அகலமாகிறதா? மற்ற நகங்களில் உண்டா? நகம் முளைக்கும் இடத்தில் தோலும் கறுத்திருக்கிறதா? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பலகையைப் பார்த்தால் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் விரலைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறேன்.

கடைசியில், “சுத்தியல எந்தக் கையில புடிப்பீங்க?” என்றார்.

வலது கையைத் தூக்கினேன். மருத்துவர் அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். எனக்கு இன்னும் உறைக்கவில்லை. ஈசுவரிதான் மெதுவாகக் கேட்டாள்: “சுத்தியல் புடிச்ச கைய அந்தச் சுத்தியலே எப்படிங்க அடிக்கும்?”

முதலில் சிரிப்பு வந்தது. பட்டறையில் முப்பது பேர் இருக்கிறோம், எல்லோரும் சுத்தியலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அப்புறம்தான் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கதவில் நசுங்கியும் ரத்தம் கட்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். டெர்மோஸ்கோப்பால் (விளக்கு வைத்த உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்துவிட்டு, நகத்தின் மேல், அது முளைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கீறல் போட்டார். “ரத்தமா இருந்தா நகத்தோட முன்னாடி நகந்துரும், பின்னாடி நல்ல நகம் வரும். நகவேர்ல இருந்து வர்ற நெறமா இருந்தா, கீறல் போகும், கோடு போகாது. அஞ்சு வாரம் கழிச்சு வாங்க.”

அந்த ஐந்து வாரமும் தினமும் காலை வெயிலில் நகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயம் இருந்தது, ஆனால் அதைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம். நகம் நகர்வது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாரம் போனால் கீறல் தள்ளிப் போயிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் கம்பியைப் பிடித்தால் அவர் நகத்தைப் பார்த்தேன். குழி விழுந்த நகம், வரிவரியான நகம், கரண்டிபோல வளைந்த நகம். எத்தனை விதம் என்று ஆச்சரியமாக இருந்தது.

என் கீறல் நகர்ந்தது. கோடு நகரவில்லை. நகம் முளைக்கும் இடத்திலிருந்தே கறுப்பாக வந்துகொண்டிருந்தது. அங்கே தோலிலும் ஒரு நிழல் இருந்தது. அத்தனை நாளும் அதை கிரீஸ் கறை என்று சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்துப் போனபோது எடுத்த பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வந்தது. மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்). மேல் அடுக்கோடு நிற்கிறது, ஆழமாக இறங்கவில்லை என்றார் மருத்துவர்.

“வெரல எடுக்கோணுங்களா?” என்றுதான் கேட்டேன். உயிரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. கட்டைவிரல் இல்லாமல் உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

“வெரல் இருக்கும். நகம் வேரோட போயிரும். இன்னும் ரெண்டு வருசம் தை மாசக் கதையே சொல்லிட்டு இருந்தீங்கன்னா இந்தப் பதில நான் சொல்லியிருக்க மாட்டேங்க.”

ஈசுவரி அழுதாள். எனக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது.

விரலை மட்டும் மரத்துப்போக வைத்து நகத்தை எடுத்தார்கள். மேல்கையின் உள்பக்கத்திலிருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று, வெயிலே படாத அந்த வெளுத்த தோல் என் கரடுமுரடான விரலின் நுனியில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது. மூன்று மாதத்தில் சுத்தியல் பிடித்துவிட்டேன். ஆனால் தரையில் விழுந்த போல்ட் வாஷரை எடுக்க முடியவில்லை, பூண்டு உரிக்க முடியவில்லை. நகம் இத்தனை வேலை செய்தது அது போன பிறகுதான் தெரிந்தது.

பட்டறையில் சொன்னபோது எல்லோரும் அவரவர் கையை விரித்துப் பார்த்தார்கள். “எனக்குக் கறுப்பு எடது கையிலதானுங்க மாமா, பரவால்லீங்களா?” என்றான் மணி. இதைப் படிக்கிற நீங்களும் இப்போது நகத்தைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். பெரும்பாலான கறுப்பு, அடிபட்ட கறுப்புதான். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு நகங்களில் கோடு இருப்பதும் சகஜமாம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் இருந்து, அது அகலமாகி, எப்போது பட்டது என்று உங்களுக்கே நினைவில்லை என்றால், என்னைப்போல ஒரு மாதத்தைக் கற்பனை செய்யாதீர்கள். போய்க் காட்டுங்கள்.

நோய் பரவியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் விரலையும் அக்குளையும் தொட்டுப் பார்ப்பார். போன தடவை, “இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதுங்க” என்றார். ஆறு மாதம் என்றால் என் ஒன்பது நகமும் வேரிலிருந்து நுனிவரை புதிதாகிவிடும். இன்று கையில் இருப்பதையெல்லாம் அதற்குள் வெட்டிப் போட்டிருப்பேன். அந்த ஒரு விரலில் மட்டும் எதுவும் வளராது, எதுவும் நகராது, எதுவும் மாறாது. கறுப்பு திரும்ப வருகிறதா என்று தினமும் வெயிலில் வைத்துப் பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.