முப்பத்திரண்டாவது சுற்று

"அதுல மூணாவது பிளக் சரியா எரியல" என்கிறார் சீட் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. சாலையில் போன கார் அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது. பின்னாலேயே இன்னொன்று வருகிறது. "இது புதுசு. சத்தமே வரல பாருங்க. இதெல்லாம் வண்டியா? ஃபிரிட்ஜுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி!" மூன்றாவதாக ஒன்று போகிறது. அதற்கு மூக்கால் ஒரு 'ம்ஹும்' மட்டும். காரின் சொந்தக்காரர் காதில் அது விழுந்திருந்தால் அன்றைக்கே வண்டியை விற்றிருப்பார்.

கார்களுக்கு இருக்கை உறை தைக்கும் கடை அது. பாதி ஏற்றிய ஷட்டர், சுவரோடு சாய்த்த ரெக்ஸின் சுருள்கள், தோல் உரித்த இருக்கைகள், எங்கே உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசி. அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது. மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் நான்கு குண்டூசி. ஊசிகளைக் கடித்தபடியே திட்டுவார். இதுவரை ஊசியும் விழுந்ததில்லை, திட்டும் நின்றதில்லை. என் காரின் பின்னிருக்கையை எங்கள் வீட்டு நாய் கடித்துக் குதறிவிட்டதால்தான் நான் முதலில் அங்கே போனேன். "நாயைச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. இந்த ரெக்ஸினைப் பார்த்தா எனக்கே கடிக்கணும்போல இருக்கு" என்றார்.

இந்தக் கோபத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு முன்னால் இங்கே தெருவில் ஓடியவை இரண்டே ரகக் கார்கள். ஒன்றின் முகப்பில் கொம்புச் சின்னம், மற்றதில் இறகு. திங்கள் முதல் சனி வரை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற அதே நாலு கதவு வண்டிகள், ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கதவில் நம்பர் எழுதிக்கொண்டு பந்தயத் தடத்தில் இறங்கும். பந்தயத்துக்கென்றே செய்த ராக்கெட்டுகள் அல்ல. நம் வீட்டு வண்டி ஜெயிக்கிறதா, எதிர்வீட்டு வண்டி ஜெயிக்கிறதா என்பதுதான் பேச்சு. கொம்புக்காரரின் வண்டி நடுரோட்டில் நின்றால் இறகுக்காரர் தள்ளிவிடமாட்டார் என்று நான் என் கட்டுரைக்காகக் குறித்துக்கொண்டபோது அக்கா தடுத்தார். "தப்பா எழுதாதீங்க. தள்ளுவாங்க. தள்ளிவிட்டுட்டு வாரம் பூரா சொல்லிக்காட்டுவாங்க."

இன்றைக்கு இரண்டு கம்பெனியும் ஒரே முதலாளி கையில். கொம்பு வண்டிக்குள்ளும் இறகு வண்டிக்குள்ளும் ஓடுவது ஒரே என்ஜின். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா வாயிலிருந்து ஊசிகளை எடுத்துக் கீழே வைக்கிறார். திட்டுவதற்கு வாய் முழுசாக வேண்டியிருக்கிறது.

அவருடைய பந்தயம் ஓட்டுவது அல்ல, எண்ணுவது. அந்தக் காலத்தில் தடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோபுரத்தில் உட்கார்ந்து நடுவர்கள் ஒவ்வொரு வண்டியின் சுற்றுகளையும் எண்ணுவார்கள். அதோடு கீழே, வண்டிகள் டயர் மாற்ற நிற்கும் பிட்டின் ஓரச் சுவரில் உட்கார்ந்து, எதிரணி வீட்டுப் பெண்களும் எண்ணுவார்கள். கொம்பு வண்டியை இறகு வீட்டுப் பெண் எண்ண வேண்டும். இறகு வண்டியைக் கொம்பு வீட்டுப் பெண். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் சுவரில் இருந்தவர்கள் எழுதியதுதான் செல்லும். எதிராளிக்கு எவளாவது ஒரு சுற்றைக் கூட்டி எழுதுவாளா என்பதுதான் அதிலிருந்த நியாயம். எனக்குப் பந்தயம் தெரியாது. ஆனாலும் இப்படியொரு நல்ல ஏற்பாட்டை நான் வேறு எந்த விளையாட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் கொம்பு அணியின் என்ஜின் மெக்கானிக். ஆகவே, அக்கா எண்ணியது இறகு வண்டியை. பென்சிலை மணிக்கட்டில் நூல் போட்டுக் கட்டிக்கொள்வார். பேனா ஆகாது, மழை வந்தால் அழியும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார், நடுவில் எழுந்து போக வேண்டி வந்துவிடுமாம். ஒருமுறை எதிரிலேயே ஒரு வண்டி மூன்று குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்தபோது சுவரே எழுந்து அலறியிருக்கிறது. அக்கா திரும்பவில்லை. "கவுந்தா தூக்குறதுக்கு ஆளு இருக்காங்க. கோட்டைத் தாண்டினானா இல்லையா, அதான் என் வேலை."

அப்படிப்பட்டவரின் கணக்கைத்தான் தப்பு என்றார்கள்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன், அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். மொத்தம் ஐம்பது சுற்று. முப்பத்திரண்டாவது சுற்றில் இறகு வண்டி டயர் மாற்றுவதற்காகப் பிட்டுக்குள் நுழைந்தது. முடிவுக்கோடு தடத்தின் குறுக்கே மட்டுமல்ல, பிட்டுக்குள்ளும் நீள்கிறது. வண்டி உள்ளேயே அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போய் நின்றது. அக்கா ஒரு கோடு போட்டார். கோபுரத்தில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் அவர்களுக்குப் பிட்டை மறைத்துவிட்டது. கடைசியில் கொடி விழுந்தபோது இறகுதான் முதலில் வந்தது. அக்காவின் தாளில் ஐம்பது. கோபுரத்தின் தாளில் நாற்பத்தொன்பது.

வழக்கப்படி கோப்பை இறகுக்குப் போயிருக்க வேண்டும். அப்போதுதான் கொம்பு அணி மேனேஜர் எழுந்து, "இந்தம்மாவோட அப்பா ஓட்டுறது இறகு டாக்ஸி. தெரியுமா உங்களுக்கு?" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதுவரை யாருக்கும் உறுத்தவில்லை. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அக்காவின் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். கோப்பை கொம்புக்குப் போனது. அதற்குப் பிறகு அக்காவை யாரும் எண்ணக் கூப்பிடவில்லை.

"பொண்டாட்டியா எண்ணின மூணு வருஷமும் என் கணக்கு சரியா இருந்துச்சு. மகள்னு சொன்னதும் தப்பாயிடுச்சு. நான் நானா எண்ணினேன்னு ஒருத்தனுக்கும் தோணல பாருங்க" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டேன். "எங்க இருப்பாரு? எனக்கு ரெண்டடி பக்கத்துல. கையைத் துடைச்சுக்கிட்டு." இறகு வண்டி கோட்டைத் தாண்டியதை அவர் பார்த்தாரா? "என்ஜினைக் கவனிச்சுக்கிட்டு இருந்தாராம். எப்பக் கேட்டாலும் அதே பதில்." பல வருடம் என்ஜின்களோடு கிடந்ததில் அவருக்கு ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது பேச்சைப் பொறுத்தது. அவரும் கடையில் இருந்தபோதே ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. நல்ல மனிதர், எனக்கு நாற்காலியெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் பின்பக்கம் போய்விட்டார்.

இந்த வருடம் பந்தயச் சங்கத்துக்குத் திடீரென்று பழைய ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கொம்பையும் இறகையும் எங்கோ கொட்டகையிலிருந்து இழுத்துவந்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடி தடத்தில் ஓட்டிக் காட்டப்போகிறார்களாம். ஜெயித்த என்ஜினைக் கட்டிய அக்காவின் வீட்டுக்காரருக்குக் கேடயமாம். இரண்டு வண்டிக்கும் இருக்கை தைக்கும் வேலை அக்காவிடமே வந்தது. தைத்துக்கொண்டிருந்தபோதுதான் சங்கச் செயலாளர் விழா மலரைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோராம் பக்கத்தில், கோப்பையின் படத்துக்குக் கீழே, இப்படி அச்சாகியிருந்தது: 'சுற்று எண்ணிய பெண்மணி ஒருவர் பிறந்த வீட்டுப் பாசத்தில் ஒரு சுற்றைக் கூட்டி எழுதிவிட, சிறிது நேரம் கலகலப்பான குழப்பம்!'

ஆச்சரியக்குறி வேறு.

மறுநாள் அக்காவோடு நானும் சங்க அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் நல்லவிதமாகத்தான் பேசினார். நல்லவிதமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அக்கா, அது ஒரு ஜாலிக்குப் போட்டதுக்கா. உங்க பேரு கூடப் போடல."

"பேரு போட்டிருந்தாலாவது வந்து கேட்கிறவனுக்குப் பதில் சொல்லியிருப்பேன். இப்ப சுவத்துல உட்கார்ந்த அத்தனை பொம்பளைங்க தலையிலயும் சேர்த்துக் கொட்டிட்டீங்க."

"ஐந்நூறு காப்பி அச்சாயிடுச்சே."

"ஒரு துண்டுத்தாள் ஒட்டுங்க. 'இறகு வண்டி ஓடினது ஐம்பது சுற்று.' அவ்வளவுதான். கோப்பையை நீங்களே வெச்சுக்கோங்க. நானே வந்து ஐந்நூறையும் ஒட்டித் தரேன்."

"பார்க்கலாம்க்கா" என்றார் செயலாளர். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வண்டியைக்கூடத் திட்டவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

இருக்கைகளைப் பாதியில் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. இரட்டை நூல் போட்டு, குறித்த நாளுக்கு முந்தின நாளே முடித்துக் கொடுத்தார். "கோபம் அவங்க மேல. சீட்டு என்ன பண்ணிச்சு?" என்றார்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். இரண்டு வண்டிகளும் புதுமாப்பிள்ளைகள் மாதிரி பளபளவென்று நின்றன. துருவை இத்தனை கவனமாகச் சுரண்டியவர்கள், ஒரு பொய்யை மட்டும் வழவழப்புத் தாளில் அச்சடித்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். அக்கா உட்கார்ந்ததும் பதினோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். துண்டுத்தாள் இல்லை. மலரை மூடி நாற்காலிக்கு அடியில் போட்டார். முன்வரிசையில் அவர், அவருக்கு வலப்பக்கம் வீட்டுக்காரர், இடப்பக்கம் நான்.

வண்டிகள் மூன்று சுற்று ஓடி நின்றன. வீட்டுக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். கேடயத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் மைக் பக்கம் நகர்ந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்றார். "அன்னைக்கு இறகு வண்டி பிட்டுக்குள்ள கோட்டைத் தாண்டினதை நானும் பார்த்தேன். என் கண்ணு முன்னாலதான் தாண்டுச்சு. எங்க வீட்டுல எழுதினது சரி. ஐம்பதுதான்."

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். உடனே எல்லோரும். செயலாளர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். "பார்த்தீங்களா! இதான் அந்தக் காலத்துப் பெருந்தன்மை! ஜெயிச்சவரே விட்டுக்கொடுக்கிறாரு பாருங்க!" கைதட்டல் இரண்டு மடங்கானது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். அக்கா எண்ணியது சரி என்று சொன்னதற்கு வந்த கைதட்டல் முழுவதும் வீட்டுக்காரர் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைதட்டவில்லை.

"பார்த்தாராம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். அப்படியொரு நிம்மதியை நான் அந்த முகத்தில் அதற்குமுன் கண்டதில்லை. வழியில் நின்றவர்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கேடயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவர் எங்கள் வரிசைக்கு வந்து தன் நாற்காலியில் உட்காரக் குனிந்தபோது, அக்கா மடியில் இருந்த கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தார்.