அக்கா ஓடாத மலைப்பாதை

மலைச் சைக்கிள் ஓடப் போகலாம் என்ற எண்ணம், மல்வேர்னில் எங்கள் வீட்டில் அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. வேலைக்காக அவள் நாட்டின் மறுகோடியிலுள்ள வன்கூவருக்குப் போக ஒரேயொரு வார இறுதிதான் மிச்சம். போவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன: ஒன்று மேடுபள்ளமில்லாத காட்டுப்பாதை, மற்றது செங்குத்தான மலை.

"எங்கை போவம், அக்கா?"

"எனக்கு எதெண்டாலும் ஓம். நீ சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை, மலை என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மலையுச்சியில் நின்று அக்கா, "நீ போ, நான் பின்னாலை வாறன்" என்றாள். நான் பாய்ந்து இறங்கினேன். அரைமணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேற்றோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள்.

"ஏனக்கா ஓடேல்லை?"

"பயமாக் கிடந்தது."

"முதல்லையே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மற்ற இடத்துக்கு வந்திருப்பாய், மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு. கடைசி நாளிலை அதையோ நான் பாக்கிறது?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் விட்டுக்கொடுத்ததையெல்லாம் அவளுடைய விருப்பம் என்றே எடுத்திருக்கிறேன். சேர்ந்து ஓட வேண்டிய கடைசி நாளிலும் தனியாகத்தான் ஓடினேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். கோடையில் அக்கா வருகிறாள். காட்டுப்பாதையில் அவளை முன்னால் விட்டு, முந்தாமல் பின்னாலேயே ஓடிப் பார்க்கப் போகிறேன்.