ஏரிப் பாதையும் ஏறும் பாதையும்

தொண்ணூறுகளில் நாங்கள் ஜெர்மனியில், எசன் நகரில் இருந்தோம். சுவிஸில் வசித்த மனைவியின் அக்கா கோடை விடுமுறைக்கு அழைத்தபோது, புதிதாக மலையில் நடப்பவர்களுக்கு ஏற்ற இரண்டு பாதைகளைச் சொன்னார். ஒன்று ஏரியைச் சுற்றிப் போவது. மற்றது மேலே மலைவிடுதி வரை ஏறுவது. மனைவிக்கு ஏறத்தான் ஆசை. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதால் ஏரிப் பாதையே போதும் என்றேன். சம்மதித்தாள்.

புறப்படும் முன்பே குழந்தை வயிற்றில் இறந்துவிட்டது.

அடுத்த கோடையில் அக்கா மறுபடியும் அழைத்தார். எந்தப் பாதையில் போகலாம் என்று மனைவியைக் கேட்டேன்.

"மேலயே போவம். இப்ப எனக்கு ஏற ஏலும்தானே," என்றாள்.

ஏறினோம். பாதி வழியில் ஒருவர் குழந்தையை முதுகில் சுமந்தபடி இறங்கி வந்தார். அவள் ஓரமாக ஒதுங்கி, அவர் மறையும்வரை அந்தப் பிள்ளையையே பார்த்தபடி நின்றாள்.

"ஏறினது காணும், திரும்புவம்," என்றாள்.

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.