எண்டர் தட்டாத கடைசி வரி

அடுத்தவர் எழுதிய நிரலில் தப்பு கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் அதைச் செய்துவிட்டு வருகிறேன். சின்னத் தப்பைப் பார்த்தாலும் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். நான் பக்கத்தில் வந்தால் ஆபீசில் பலர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். என்னுடைய தப்பு ஒன்றைப் பற்றி எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

என் ஊர் கடப்பாக்கம். எங்கள் ஜமாஅத்தில் ஊரில் இருப்பவர்களைவிட, வியாபாரம் வேலை என்று தாம்பரத்திலும் சென்னையிலும் இருப்பவர்கள்தான் அதிகம். காலையில் ஒருவர் மவுத்தானால் சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிடுவோம். மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே சேதி வேகமாகப் போக வேண்டும். வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தது. அதில் குட்மார்னிங் ரோஜாப்பூக்களை விலக்கிவிட்டு மவுத்துச் சேதியைத் தேட வேண்டியிருந்தது. பாதிப் பெரியவர்கள் கையில் பட்டன் போன் வேறு.

ஜமாஅத் செயலாளர் எனக்குத் தூரத்து மாமா முறை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். “நீ கம்ப்யூட்டர்லதானம்மா கீற, ஒரே தட்டுல எல்லார்க்கும் மெசேஜ் போற மாதிரி எதுனா செய்யேன்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒருவராகப் பேரும் போன் நம்பரும் இருக்கும். என் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைத் திறந்து, வரி முடியும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வரியிலிருந்தும் நம்பரை எடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்பும். கடைசியில் ‘முடிந்தது’ என்று சொல்லும். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது; குரூப்பில் மவுத்துச் சேதி போடுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு நம்பர்கள் மாறிவிட்டன என்று மாமா ஃபைலை வாங்கித் தன் கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்தார். நானூற்றுச் சொச்சம் பேர். யாரை முன்னால் போடுவது, யாரைப் பின்னால் போடுவது என்று நான்கு நாள் யோசித்திருக்கிறார். தன் பேரை மட்டும் யோசிக்காமல் கடைசியில் போட்டார். விருந்தில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காரும் மனிதர். செயலாளர் பேர் மேலே இருந்தால் மரியாதையாக இருக்காது என்பது அவர் கணக்கு.

புது ஃபைலைப் போட்டு ‘சோதனை’ என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். அவருக்குத்தான் போன் செய்து கேட்டேன்.

“வந்துச்சா மாமா?”

“டாண்ணு வந்துச்சும்மா!”

கடைசி ஆளுக்கே வந்துவிட்டது, அப்புறம் மற்றவர்களுக்கு என்ன என்று நினைத்தேன். லிஸ்டில் என் நம்பர் இல்லை; வேறு யாரையும் கேட்கவும் இல்லை. ஆபீசில் இப்படி ஒருவன் சோதித்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா கூப்பிட்டார்.

“மாமி மவுத்தாயிட்டாம்மா. சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழுந்துக்கல. சாயங்காலம் அஸருக்கு அடக்கம். லிஸ்டுக்குப் போட்ரும்மா.”

நான் அழ ஆரம்பித்தேன். அவர்தான் என்னைச் சமாதானம் செய்தார். “லிஸ்டுக்குப் போட்டா எல்லாம் வந்துருவாங்க. அவளுக்கு யாரு வரமாட்டாங்க?” என்றார்.

அது உண்மை. மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. மவுத்து வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால், ஊரில் எந்த வீட்டில் மவுத்து என்றாலும் முதல் சட்டிச் சோறு மாமி வீட்டிலிருந்துதான் போகும். அந்த லிஸ்டில் மாமியின் சோற்றைத் துக்கத்தோடு சாப்பிடாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. அடக்கத்துக்கு முன் நடக்கும் ஜனாஸா தொழுகையில் மூன்று வரிசை நிறைய ஆட்கள் நிற்க வேண்டும் என்று மாமி தன் வாயாலேயே சொல்லி வைத்திருந்தாளாம். மாமா அன்றைக்கு வேண்டியதும் அது ஒன்றைத்தான்.

சேதியை அடித்து அனுப்பினேன். ‘முடிந்தது’ என்றது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மதுராந்தகம் போய் பஸ் மாறி, கடப்பாக்கத்தில் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

வாசலில் வாடகை நாற்காலிகள் பத்துப் பத்தாக அடுக்கியபடியே இருந்தன. பிரித்துப் போட்டவற்றில் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலை நாள், ஊரில் வேறு ஆண்கள் இல்லை. மாமா எழுந்து வந்தார்.

“எல்லார்க்கும் போச்சாம்மா?”

“போச்சு மாமா.”

“எனக்கும் வந்துச்சு” என்று போனைக் காட்டினார். தன் மனைவி இறந்துபோன சேதி, மனைவியின் பேரும் தன் பேரும் போட்டு, அவருக்கே வந்திருந்தது. “வந்துகினு இருப்பாங்க. பஸ்ஸு கிடைச்சிருக்காது” என்றார்.

இரண்டு மணி வரைக்கும் யாரும் வரவில்லை. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த மாமா தெருமுனையில் போய் நின்றுகொண்டார். ஆட்டோ சத்தம் கேட்டால் திரும்புவார், ஆட்டோ போனதும் மறுபடி ரோட்டைப் பார்ப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தின்ற சோற்றை மறந்த கூட்டம் என்று அந்த நானூறு பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மூன்று மணிக்கு மாமியின் தங்கை மகன் தாம்பரத்திலிருந்து பைக்கில் வந்தான். அவனுக்கு மாமா நேராகப் போன் செய்திருந்தார். “மெசேஜ் பார்த்துட்டு உன் கடைத்தெருவில வேற யாரும் கிளம்பலையா?” என்று நான் கேட்டேன்.

“மெசேஜா? எனக்கு எதுவும் வர்லயே” என்றான்.

மவுத்து வீட்டில் லேப்டாப்பைத் திறக்கும் வெட்கத்தோடு பின்கட்டுக்குப் போய், கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே பெண்கள் மாமியைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபைலைத் திறந்தால் எல்லாம் சரியாக இருந்தது. பேர் சரி, நம்பர் சரி. பத்து இலக்கத்தையும் விரல் வைத்து எண்ணினேன். ஆபீசில் எத்தனையோ பேரிடம் ‘கண்ணைத் திறந்து பார்’ என்று கத்தியிருக்கிறேன். கண்ணைத் திறந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் வழியாக வந்த இன்டர்நெட் விட்டு விட்டு வந்தது. மெசேஜ் அனுப்பும் கம்பெனியிலிருந்து வந்திருந்த பதில்களை இழுத்துப் பார்க்கவே அரை மணி ஆனது. நானூறு தடவை ‘தவறான எண்’ என்று சொல்லியிருந்தார்கள். பதிலைப் படி என்று நான் ஸ்கிரிப்டில் எழுதவே இல்லை.

ஒவ்வொரு நம்பரின் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டுத் திரையில் ஓடவிட்டேன். மூடும் குறி நம்பருக்குப் பின்னால் வரவில்லை. வரியின் தொடக்கத்துக்கு ஓடி, திறக்கும் குறியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த வரியும் அப்படியே. நானூறு வரியும் அப்படியே. கடைசி வரியில் மட்டும் இரண்டு குறிகளும் ஒழுங்காக அவரவர் இடத்தில் நின்றன. அது மாமாவின் நம்பர்.

விஷயம் இவ்வளவுதான். எண்டர் தட்டினால் மாமாவின் கம்ப்யூட்டர் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும். என்னுடையது ஒன்றுதான் வைக்கும். என் ஸ்கிரிப்ட் ஒன்றை வெட்டிவிட்டு, ‘வரித் தொடக்கத்துக்குப் போ’ என்னும் மற்றதை நம்பரோடு ஒட்டவிட்டது; பத்து இலக்க நம்பர் பதினோரு குறியாகிவிட்டது. கடைசி வரிக்குப் பிறகு அடிக்க ஒன்றுமில்லாததால் மாமா எண்டர் தட்டவில்லை. அதனால் அவர் நம்பர் மட்டும் சுத்தமாக இருந்தது. இது இந்தத் தொழிலில் முதல் வருடமே தெரிந்துகொள்ளும் விஷயம். எனக்கும் தெரியும். ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். சேர்த்தபோது மணி நாலு.

அஸர் நாலரைக்கு. தாம்பரத்திலிருந்து யாரும் அரை மணியில் வரமுடியாது. அனுப்புவதா, வேண்டாமா? எண்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மாமாவிடம் ஓடினேன்.

“மாமா, மஃரிபுக்கு வெச்சுக்கலாமா? ரெண்டு மணி நேரம். எல்லாரும் வந்துருவாங்க.”

“வர்றவங்க வந்துருப்பாங்கம்மா” என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “குளிப்பாட்டி வெச்சாச்சு. இதுக்கு மேல அவளக் காக்க வெக்கக் கூடாது.”

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியவர் ஒருவர் வந்து அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கடைசியாக முகம் பார்க்கும் நேரம். மாமா தன் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆள் போதாமல், முட்டிவலிக்காரர்களும் தோள் கொடுத்தார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றோம்.

அவர்கள் தெரு திரும்பியதும் மெசேஜை அனுப்பினேன். தெரியாமலே இருப்பதைவிடத் தெரிவது மேல் என்று நினைத்தேன். இப்போதும் அது சரியா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, என் கையிலிருந்த போன் அடித்தது. மண்ணடியிலிருந்து ஒருவர். “எப்ப எடுக்குறாங்க?” “எடுத்துட்டாங்க.” “இன்னாம்மா சொல்ற? இப்பதான மெசேஜ் வருது!” வைத்ததும் அடுத்தது. பிறகு அடுத்தது. ஒருவர் ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டேன் என்றார். ஒருவர் ‘ஐயோ மாமி’ என்று ஆரம்பித்து நடுக்கடையில் சத்தம் போட்டு அழுதார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பத்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் இருந்தது, எடுத்துட்டாங்க.

அடக்கம் முடிந்து மாமா வரும்போது காலெல்லாம் கபர்ஸ்தான் மண். “ரெண்டாவது வரிசையே நெறயல” என்று மட்டும் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்டர், குறி, வெட்டு எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. மெசேஜ் யாருக்கும் போகவில்லை என்பது புரிந்தது. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

போனை வாங்கி, எடுக்காமல் விட்ட அழைப்புகளை விரலால் மேலே தள்ளினார். பேர்கள் முடியாமல் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் நின்று வாசித்தார். பிறகு கேட்டார்.

“தெரிஞ்சிருந்தா வந்துருப்பாங்க இல்லம்மா?”

“வந்துருப்பாங்க மாமா.”

“எல்லாரும்?”

“எல்லாரும்” என்றேன்.