நல்ல காலில் கட்டிய துணி

இந்தப் பெரிய வியாழன் பூசையில், சாமியார் ஒரு முதியவரின் காலில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். பித்தளைத் தாம்பாளத்தில் அது விழுந்த சத்தம் என்னை அறுபதுகளின் சிவகாசிக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்பாவுக்கு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கால் வெடிப்புகளில் அலுமினியப் பொடி ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் ஈயம் பூசியதுபோல் மின்னும். அந்த வருஷப் பெரிய வியாழனுக்கு, இயேசுவின் சீடர்களைப்போல் சாமியார் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் அவரையும் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரமாகச் செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதினொரு வயது. என்னோடு படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்களே என்பதுதான் என் கவலை.

"நீங்க உக்காராதீகப்பா. அந்தக் காலை எல்லாரும் பாப்பாக."

அப்பா செங்கல்லைக் கீழே வைத்தார்.

வியாழனன்று நல்ல காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிக் கோயிலுக்கு வந்தார்.

"கால்ல புண்ணு சாமி. வேற ஆள உக்கார வைங்க."

மறுநாள் சிலுவைப்பாதையிலும், பதினான்கு நிலைக்கும் நொண்டியேதான் நடந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அவரை நிறுத்தி, "புண்ணு ஆறிருச்சாப்பா?" என்று கேட்டார்.

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஆறிருச்சு சாமி."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை, சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால், அப்பா கோயிலில் நின்று பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.