வண்டியில் கிடந்த தீனக்காரர்

நோயாளிபோல், எங்கள் ஊர்ப் பேச்சில் தீனக்காரர்போல், நடித்து ஆஸ்பத்திரி வண்டியில் படுத்துக்கொண்டு, வழியில் கட்டிலில் கிடந்த உண்மையான நோயாளியை ஏற்றவிடாமல் செய்தவன் நான். அவள் இறந்துபோனாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் எல்லைப் போராட்டம் மூண்டிருந்த காலம். எங்கள் பகுதி தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்த என்னைப் போலீஸ் தேடியது. பொழியூர்ப் பக்கம் ஒளிந்திருந்தேன். என்னைத் தெற்கே கொண்டுபோய்விட மிஷன் ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர் தாசையன் ஒப்புக்கொண்டார். நோயாளி இருக்கும் வண்டியைப் போலீசும் மறிக்காது, எங்கள் ஆட்களும் மறிக்கமாட்டார்கள். அந்த மரியாதை யாருக்காக உண்டானது என்று அன்று யோசித்தேனா?

தலைமுதல் கால்வரை போர்த்திக் கிடந்தேன். பாறசாலை தாண்டியதும் வண்டி நின்றது. பட்டப்பகல். போர்வை இடுக்கு வழியே பார்த்தேன்... நான்கு பேர் ஒரு கட்டிலைத் தோளில் சுமந்து நின்றார்கள். வண்டியை மறித்தவன் ஞானமுத்து, எங்கள் சபைக்காரன். கட்டிலில் அவன் மனைவி எஸ்தர்.

"பேறுநோவு ஆக்கும் அண்ணே. ரெண்டு நாளாச்சு. ஏத்திட்டுப் போவும்."

தாசையன் பின்கதவைப் பாதி திறந்து என்னிடம் குனிந்தார். "எடம் உண்டு மக்கா. ஏத்தட்டா?"

இடம் இருந்தது! வண்டி போவதும் தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான். ஆனால் ஞானமுத்துவும் கூட ஏறுவான். போர்வைக்குள் இருப்பது நான் என்று கண்டால்? போலீசிடம் உளறிவிட்டால்? மொழிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மேடையில் முழங்கியவன் நான்.

"வேண்டாம் அண்ணே. வண்டிய விடும்" என்றேன்.

தாசையன் கதவைச் சாத்திவிட்டு வெளியே சொன்னது கேட்டது. "உள்ள கிடக்கவரு சாவக் கிடக்காரு. பரவுத தீனம் ஆக்கும். இவர எறக்கிட்டு ஒடனே வாறேன்."

ஞானமுத்து வாதாடவில்லை. "அப்போ நிக்காண்டாம் அண்ணே. அவரக் கொண்டுபோவும்" என்று கட்டிலை ஓரமாக ஒதுக்கச் சொன்னான்.

என்னை இறக்கிவிட்டுத் தாசையன் திரும்பிப் போனபோது, கட்டில் ஒரு மரத்தடியில் இருந்ததாம். எஸ்தரும் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. தாசையன் சாகும்வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

எங்கள் ஊர் கடைசியில் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் போராடியவன் என்று எனக்கு மாலை போட்டார்கள். கூட்டத்தில் ஞானமுத்துவும் கை தட்டினான். வெட்கமில்லாமல் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஆராதனை முடிந்து அவனும் நானும் கோயில் முற்றத்தில் நின்றோம். இரண்டு கிழவர்கள். தென்னைகளுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போயிற்று. ஏதோ நோயாளியைத் திருவனந்தபுரத்துக்கு அவசரமாகக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். அது மறையும்வரை ஞானமுத்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணைக்கு அந்த வண்டியில ஒரு தீனக்காரரு கிடந்தாரு" என்றான். "எஸ்தருக்க எடத்துல போனவரு. அவருக்காவ நான் தெனமும் ஜெபிக்கேன். பொழச்சிருப்பாரா அண்ணே?"

இத்தனை ஆண்டுகளும்! ஒரு நாள்கூட விடாமல்! எண்பது கடந்தும் ஒரு நோய்நொடி இல்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்தவன் நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"பொழச்சிருப்பாரு" என்றேன்.

"அது போரும்" என்றான்.

படியில் நான் தடுமாறினேன். விழுந்துவிடக் கூடாதே என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டு வாசல்வரை விடவில்லை. இன்றைக்கும் எனக்காக ஜெபித்திருப்பான்.